வெள்ளி கிரகத்து மேடம்

காஞ்சிபுரத்தில் வழி கேட்டால் சொல்லாத ஆளே கிடையாது. தெரிந்தவர்களும் சொல்வார்கள், தெரியாதவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். கையை நீட்டி, "நேரா போய் லெப்ட்ல திரும்பு, அங்க ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்குது" என்பார்கள். போனால் டிரான்ஸ்பார்மரும் இருக்காது, கோயிலும் இருக்காது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு, எனக்கு வழி தெரியாது என்று நடுரோட்டில் நின்று சொன்ன ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன். அது எங்க மேடம்.

நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆந்திரா வேன் ஒன்று வந்து நின்றது. அஷ்டபுஜப் பெருமாள் கோயில் எங்கே என்று டிரைவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டாள்.

"ரங்கசாமி குளம் வரைக்கும் இதே ரோடுதாங்க. அங்கேர்ந்து எனக்குத் தெரியாது. குளத்துகிட்ட நிறுத்தி வேற யாரையாவது கேளுங்க."

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்குப் புதுசாம்மா?"

"இல்லீங்க, ஓரிக்கை. பொறந்ததே இங்கதான்."

வேனே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. வண்டி நகர்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, குளத்துக்கு அப்பால ரெண்டு எட்டு வெச்சா கோயிலு. அதைச் சொன்னா இன்னா குறைஞ்சா பூடுவ?"

"நான் அந்தப் பக்கம் போனதில்லக்கா. போகாத எடத்தை எப்படிச் சொல்றது?"

இப்படிச் சொன்னவள் என்ன வேலை பார்த்தாள் தெரியுமா? வெள்ளி கிரகத்துக்கு மேப் போட்டுக்கொண்டிருந்தாள்!

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். ஏனாத்தூர் போகிற வழியில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடி அறை. நாலு கம்ப்யூட்டர், நினைத்தால் ஓடுகிற ஒரு ஏசி. அதுதான் அவளுடைய ஆராய்ச்சிக்கூடம். வெள்ளி கிரகத்தை எப்போதும் கனமான மேகம் மூடிக்கொண்டிருக்குமாம், கேமரா வைத்துப் பார்த்தால் மேகம்தான் தெரியுமாம். அதனால் முன்னொரு காலத்தில் ஒரு விண்கலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வந்ததை வைத்துத் தரையைப் படம் பிடித்திருக்கிறது. அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்க மேடம் அதில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, இது எரிமலைக் குழம்பு ஓடின சமவெளி, இது வெடிப்பு, இது பழைய தரை, இது அதன் மேல் வந்து படிந்தது என்று பிரித்து, எல்லை போட்டு, கலர் கொடுப்பாள். அங்கே இருக்கிற மலைக்கும் பள்ளத்துக்கும் பெண்கள் பெயராகத்தான் வைப்பார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த கிரகத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

நான் பன்னிரண்டு வருஷம் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைன் போட்டவள். கட்டம் கட்டமாக மயில், அன்னம், மாங்காய். முதலாளி மகன் ஒருநாள் என் மயிலுக்குக் கழுத்து நீளம் என்றான். உன் வாய்தான் நீளம் என்றேன். அன்றோடு அந்த வேலை போச்சு. எல்லைக்கோடு போட நிதானமான கையும் கண்ணும் உள்ள ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி, இந்த மாடிப்படி ஏறினேன்.

இன்டர்வியூ என்று ஒரு சாம்பல் நிறப் படத்தை நீட்டினாள். "இன்னா தெரியுதுக்கா?"

"குழி."

காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். "இப்போ?"

"மேடு." அடிப்பாவி! அதே படம்தான், மேடாகிவிட்டது.

"இதுல எது நெஜம்?"

"அதை நீதான் சொல்லணும். படிச்சவ நீயா நானா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் குழிதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம். "ரேடார் எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இதைச் சொல்ல முடியும்கா. அது தெரியாம குழின்னும் சொல்லக் கூடாது, மேடுன்னும் சொல்லக் கூடாது" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு, எனக்கு நாற்பத்தொன்று. மேடம் என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பாள். அதற்காகவே கூப்பிடுவேன். ஒல்லிக்குச்சி உடம்பு, எண்ணெய் வழித்து வாரின தலை. திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்து, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள். வேர்க்கடலையை ஒவ்வொன்றாகத்தான் தின்பாள். அப்பா இல்லை. அம்மா அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். தாத்தா காலம் வரைக்கும் அந்த வீட்டில் எல்லாரும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், சொந்தமாக ஒரு செண்ட் கிடையாது. அந்த வீட்டுப் பெண் ஒரு கிரகத்தின் தரைக்கு எல்லை போடுகிறாள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவளிடமே சொல்லியிருக்கிறேன். "அங்க யாருக்கும் பட்டா கெடையாதுக்கா" என்று சிரிப்பாள்.

கோடு போடுவதில் அவள் வைத்திருந்த சட்டம் இது. எல்லை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் முழுக்கோடு. இந்தப் பக்கமாகத்தான் போகிறது, ஆனால் சரியான இடம் தெரியவில்லை என்றால் விட்டு விட்டுக் கோடு. மேலே வேறொன்று மூடியிருக்கிறது, கீழே இருக்கலாம் என்றால் புள்ளிக்கோடு. அதுவும் சந்தேகம் என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. படத்தில் சில இடங்களில் ரேடார் எடுக்காமல் விட்ட கறுப்புப் பட்டை வரும். டிசைன் போட்ட கை சும்மா இருக்குமா? இந்தப் பக்கத்துக் கோட்டையும் அந்தப் பக்கத்துக் கோட்டையும் அழகாகச் சேர்த்துவிட்டேன். மேடம் வந்து பார்த்துவிட்டு அழித்தாள். "அங்க இன்னா இருக்குதுன்னு யாருக்கும் தெரியாதுக்கா. வெறுமையாவே உடுங்க." பேஜார் பிடித்த பொம்பளை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வெறுமையாக விட்டேன்.

இந்தச் சட்டத்தை மேப்போடு நிறுத்திக்கொண்டாளா? சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவாய் என்று அம்மா போன் செய்தால், "ஆறரைம்மா, ஆனா விட்டு விட்டுக் கோடு" என்பாள். அந்த அம்மாவும் பழகிக்கொண்டு, "அப்போ தோசை மாவை எடுத்து வெளிய வெக்கட்டுமா, வேணாமா?" என்பார். ஒருமுறை வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், சர்ச்சில் பழக்கமானவர்கள். பையன் தனியாகப் பேசும்போது, "என்னைப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டிருக்கிறான். இவள், "அரை மணி நேரத்துல எப்படிங்க தெரியும்? இன்னும் நாலஞ்சு தடவை பேசுனாத்தான் சொல்ல முடியும்" என்றிருக்கிறாள். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். மறுநாள் நான் அவளைப் பிடித்துக் கிழித்தேன். "புடிச்சிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்? எல்லாரும் பொய் சொல்லித்தான்டி கல்யாணம் பண்ணிக்கினு இருக்கிறோம்!" அவள் வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டாள். "உங்களுக்கு அண்ணனைப் புடிச்சிருக்குதா?" என் வீட்டுக்காரரை இழுத்ததற்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள், ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்காரர், அண்ணி, எதிர்வீடு என்று எல்லாரும் "ஒண்ணும் இருக்காது, பயப்படாத" என்றார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. இவர்களுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஆத்திரம். மேடத்திடம் கேட்டேன். "ஒண்ணும் இருக்காது இல்ல மா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியலக்கா. டாக்டருக்கே இன்னும் தெரியாது. ரிசல்ட் வாங்கப் போகும்போது நானும் வரேன். எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கலாம்."

அந்த வாரத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் தூங்கினேன். சொன்ன மாதிரியே லீவு போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று டாக்டர் சொன்னதும், என்னை விட அவள்தான் அதிகம் அழுதாள். அதற்குப் பிறகு அவளுக்காக நான் எதையும் செய்வேன் என்று இருந்தேன். நான் செய்தது என்ன தெரியுமா, அவள் தலையில் மண்ணைப் போட்டேன்.

மூன்று வருஷ ஆராய்ச்சி முடிகிற நேரம். அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கடிதமே வந்துவிட்டது. ஓரிக்கையில் அவள் அம்மா சொல்லாத வீடு பாக்கி இல்லை. கடைசியாக எல்லா மேப் தாள்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போட்ட தெக்குப் பக்கத் தாளுங்க மட்டும் எப்படிக்கா இவ்வளோ சுத்தமா இருக்குது?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பின்ன? பன்னெண்டு வருஷம்மா! ஒத்தைப் புள்ளி கண்ணுல பட்டா கை தானா போயிடும். எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேன்ல!"

ஜக்கார்டு டிசைனில் ஒத்தைப் புள்ளி என்பது தோஷம். வெறும் பட்டு உடம்பில் தனியாக ஒரு புள்ளி நின்றால், நெய்யும்போது அங்கே ஒரு ஜரிகைப் பொட்டு எழும்பி நிற்கும், சேலை வீண். அதனால் டிசைன் முடித்ததும் ஒத்தைப் புள்ளிகளைத் தேடித் தேடி அழிப்பதுதான் எங்கள் கடைசி வேலை. ரேடார் படத்திலும் மணல் தூவின மாதிரி ஒரு பொடி இருக்கும். அது தரை கிடையாது, படத்தின் இரைச்சல். பளிச்சென்று இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துக் கொடுக்கும், அதில் இரைச்சலை மட்டும் நாங்கள் நீக்க வேண்டும். நான் ஒத்தையாக நின்ற எல்லாவற்றையும் நீக்கியிருந்தேன். கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவள், புள்ளிகளை மட்டும் என்னை நம்பி விட்டிருந்தாள்.

அவள் விரலில் சுற்றின துப்பட்டா அப்படியே நின்றது. மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நான் அழித்த ஒரு புள்ளி. அதற்கு ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், உச்சியில் ஊசி குத்தின மாதிரி ஒரு பள்ளம். அடுத்த புள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"இது இரைச்சல் இல்லக்கா. எரிமலை. சின்னச் சின்ன எரிமலை."

அந்தச் சமவெளி முழுக்க நீளமான வெடிப்புகளிலிருந்து ஒரே வீச்சில் நெருப்புக் குழம்பு பொங்கி மூடியது என்றுதான் அவள் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். இத்தனை சின்ன எரிமலைகள் இருந்தால் கதை வேறு. கொஞ்சம் கொஞ்சமாக, ரொம்ப காலம் எடுத்துக்கொண்டு மூடியிருக்கலாம். அவள் எழுதியதன் முதுகெலும்பே நான் அழித்ததன் மேல் நின்றுகொண்டிருந்தது.

சென்னையில் இருந்த அவளுடைய கைடு சாருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. நல்ல மனுஷன்தான், அவள் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. இப்படியே கொடுத்துடு. வேலையில சேர்ந்துட்டு அப்புறமா ஒரு கட்டுரையா திருத்தி எழுதிக்கலாம். யாரு அங்க போய்ப் பார்க்கப் போறா?"

"யாரும் போக மாட்டாங்க சார். என் மேப்பைத்தான் பார்ப்பாங்க."

போனை வைத்ததும் நான் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "என் தப்புக்கு நீ ஏம்மா அனுபவிக்கணும்? கண்ணு, குடுத்துடு. உங்கம்மாவை நெனைச்சுப் பாரு." அவள் கையை விடுவித்துக்கொண்டு, பெங்களூருக்கு அவகாசம் கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இரண்டு நாளில் இரண்டு வரியில் பதில் வந்தது. காத்திருக்க முடியாதாம். படித்துவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

அடுத்த வாரம் அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்தார். மகள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாளாம். மேடம் கீழே கடைக்குப் போயிருந்தாள். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார். "ஏம்மா, யாரோ புள்ளியெல்லாம் எடுத்துட்டாங்களாமே. அதை எங்க வெச்சிருக்காங்க? திருப்பிப் போட முடியாதா?"

"நான்தாம்மா எடுத்தேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அவ உன் பேரைச் சொல்லவே இல்லியே" என்றார். டிபன் கேரியரை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

அந்த மாடி அறையின் வாடகைக் கெடு முடிந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தோம். பக்கத்து வீட்டுத் தறி சத்தத்துக்கு நடுவில் நான் ஒவ்வொரு புள்ளியாகத் திரும்ப வைப்பேன். அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வாள். மழைக்காலம் போய்ப் பொங்கல் வந்தது. தினமும் காலையில் ஓரிக்கையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள். பேசுவாள், சிரிப்பாள், என் வீட்டுக்காரரோடு கிரிக்கெட் பார்ப்பாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் கேட்டே விட்டேன்.

"என் மேல கோவம் இருக்குதா மா?"

ஊர் உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் "ச்சே, இன்னாக்கா நீங்க" என்றிருப்பார்கள். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தாள். நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தாள்.

"இருக்குதுக்கா."

"நெறையவா?"

"நெறையத்தான். காலையில கண்ணு முழிச்சா முதல்ல அதான் ஞாபகம் வருது. பஸ்ஸுல வரும்போது கொறையுது. உங்களைப் பார்த்தா மறுபடியும் வருது." பிறகு திரையைக் காட்டி, "இதுக்கு நிழல் தெரியுதா பாருங்க, எனக்குச் சந்தேகமா இருக்குது" என்றாள்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பேச்சுக்காவது இல்லை என்று சொல்லக் கூடாதா, இவளுக்காக நான் வீட்டையே ஆபீஸ் ஆக்கியிருக்கிறேன்! அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு டீ கொடுக்கவில்லை. அவள் தானே போட்டுக்கொண்டு எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். மறுநாளும் அதே பஸ்ஸில் வந்தாள். இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி தினமும் வருவாள், என் கையால் சாப்பிடுவாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்தாள், பட்டமும் வந்தது. இரண்டு வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் கிளாஸ் எடுத்தாள். அப்புறம் ஜெர்மனியில் இதே வேலைக்கு இடம் கிடைத்தது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட நானும் அவள் அம்மாவும் போயிருந்தோம். அவள் அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப் பக்கம் போனார். மேடம் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே, கோவம் இருக்குதான்னு."

"விடு மா, அது எதுக்கு இப்போ, ஊருக்குப் போற நேரத்துல."

"இல்லக்கா, சொல்லணும். அது போயிடுச்சு."

"எப்போ?"

"அது தெரியல. நேத்து பெட்டி கட்டும்போது உக்காந்து நல்லாத் தேடிப் பார்த்தேன். இல்ல."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் அம்மா பாட்டிலோடு ஓடி வந்தார், பஸ் கிளம்பிவிட்டது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், தூர தேசம் போகிறவள் என் ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நினைத்திருப்பேன். சொன்னது அவள். நான் வீட்டுக்கு வந்து, தட்டைப் போட்டு உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.